வகுப்பறையில் ஒரே உலை, கல்லறையில் சுவர்

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியை அறியாதவர் இல்லை. அதே டென்மார்க்கின் மன்னர் 1827இல் வழங்கிய சாசனத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்றது வங்காளத்தின் செராம்பூர் கல்லூரி. தமிழகத்தில் ஆயர் பணிக்குப் படிக்கும் பலர் பெறுவது செராம்பூர் இறையியல் பட்டமே.

‘விசுவாசம் போதாதா, இறையியலுக்குப் படிப்பு எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. படித்தால் விசுவாசம் குலையும் என்றும் அஞ்சுகிறார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை, இந்தியக் கிறிஸ்தவ இறையியல் யாருடைய அனுபவத்திலிருந்து பேசுகிறது என்று கேட்டது. தலித் இறையியல் அங்கிருந்து வளர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு, ‘ஒரே உலை’ என்று சேரியின் சமையலிலிருந்தே திருவிருந்துக்குப் பொருள் சொன்னார். இந்தப் படிப்பு கடவுளைச் சந்தேகிக்கவில்லை; திருச்சபைக்குள் இருக்கும் சாதியைச் சந்தேகித்தது.

ஆனால், வகுப்பில் கற்றது ஊருக்கு வந்து சேர்ந்ததா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் இறந்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்தது ஒரு சுவர். எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதையொட்டி மோதல் மூண்டது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

அரசும் இதே இடத்தில்தான் நழுவுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் வெளியே நிற்கின்றனர். இதை மாற்றக் கோரி தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்பதற்குத் தலித் இறையியல் நாற்பது ஆண்டுகளாகச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியைத் திருச்சபைகளே பூசி மெழுகினால், டெல்லியில் எந்த முகத்தோடு உரிமை கேட்பது?

நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரியில் தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் நுழைய ஆட்சியரும் போலீசும் துணை நின்றனர். கல்லறைச் சுவருக்கும் ஆட்சியர்தான் வர வேண்டுமா? எந்தெந்தச் சபைகளில் தனிக் கல்லறை, தனித் தெரு, தனித் தேர் இருக்கிறது என்று ஆயர் மன்றங்கள் முதலில் பட்டியல் வெளியிடட்டும். படிப்பும் விசுவாசமும் ஒன்றா என்பது அப்போது தெரிந்துவிடும்.