தமிழுக்கு நம்பர் 894

கல்லூரி நூல்நிலையம் என்றதும் நம் தோட்டத்துப் பெற்றோர் பலருக்குக் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி ஓர் இடம் மனத்தில் வந்துவிடுகிறது. குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. குனிந்த தலை நிமிராமல் படிக்கும் பிள்ளைகள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைக்கும் ஒரு நூலகர். அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் மனத்துக்கு நிம்மதிதான். ஆனால் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள்!

குளுவாங் வட்டாரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. பெயர் வேண்டாம், சொன்னால் பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தோட்டப் பள்ளியில் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள். அவர்களைச் சாக்காக வைத்துக்கொண்டு, பள்ளி விட்ட பிறகு சில மாலைகளில் நானும் அங்குள்ள நூல்நிலையத்தில் தலைகாட்டுவதுண்டு. இரண்டு வகுப்பறைகளின் நடுச்சுவரை இடித்துச் செய்த இடம். குளிர்சாதனப் பெட்டிகள் மூன்று. வேலை செய்வது ஒன்று. அதன் கீழே உள்ள நான்கு நாற்காலிகளுக்குத்தான் போட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே உட்காருகிற பிள்ளைகள் புத்தகத்தை விரித்து முகத்தை அதன்மேல் கவிழ்த்துவிடுவார்கள். படிப்பா, தூக்கமா? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நூலகர் ஒரு மலாய் அம்மையார். எல்லாருக்கும் அவர் மக்சிக்தான். தூங்குகிறவர்களை அவர் எழுப்புவதில்லை, அதட்டுவதில்லை. தேதி முத்திரையையும் நாலைந்து புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, தூங்குகிறவன் காதோரம் வந்து நின்று, "டக், டக்" என்று குத்துவார். பையன் துள்ளி எழுந்து, பக்கத்தைப் புரட்டிவிட்டு, ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருந்தவன் போலக் கூரையைப் பார்ப்பான். கணினி வந்து எத்தனையோ ஆண்டாகிவிட்டது. மக்சிக் மட்டும் அந்த முத்திரையை விடவில்லை. இப்போது புரிகிறதல்லவா, ஏன் என்று?

அவர் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. திரும்பி வந்த புத்தகங்களுக்குள் அகப்பட்ட பொருள்களின் பொக்கிஷம் அது. பேருந்துச் சீட்டு, பாதிச் சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், யாரோ ஓர் அப்பாவின் சம்பளச் சீட்டு, நாசி லெமாக் கட்டியிருந்த வாழையிலைத் துண்டு (நன்றாகக் காய்ந்தது), ஒருமுறை ஐந்து வெள்ளி நோட்டு. சொந்தக்காரர் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார். ஒருநாள் ஒரு கணக்கியல் புத்தகத்துக்குள் தமிழில் எழுதிய இரண்டு பக்கத் தாள் கிடைத்திருக்கிறது. மக்சிக்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பாடக்குறிப்பு போலும், தொலைத்த பிள்ளை தவிக்குமே என்ற நல்லெண்ணத்தில், வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். "இது யாருடையது? வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று மேலே மலாயில் ஒரு வரி.

அது காதல் கடிதம்.

பத்து மணிக்குக் குத்தியது. பன்னிரண்டு மணிக்குள் கல்லூரியில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் படித்து முடித்துவிட்டார்கள். என்றைக்கும் இல்லாமல் இத்தனை பேர் நூல்நிலையத்து வாசலில் கூடியதைக் கண்டு மக்சிக்குக்கு ஒரே மகிழ்ச்சி. நானும் பிறகு படித்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? வாத்தியார் கண்ணுக்கு முதலில் பட்டது காதலன்று. லகர, ளகர, ழகரம் மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடந்தன. யாரும் உரிமை கொண்டாட வரவில்லை. தாள் இப்போதும் டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது.

தமிழே தெரியாத இந்த அம்மையார்தான் அங்குள்ள தமிழ்ப் புத்தகங்களைக் கட்டிக் காக்கிறார். இரண்டே தட்டுதான். ஓய்வுபெற்ற ஒரு தோட்டக் கிராணியார் காலமான பிறகு அவர் வீட்டார் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தவை. முதற்பக்கங்களில் அவருடைய கையெழுத்தும் வாங்கிய தேதியும் இருக்கின்றன. ஒன்றில் மட்டும், "இரவல் கேட்காதீர்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பாவம், இப்போது இரவல் கொடுக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் தெரியாமல் எப்படி அடுக்குகிறார்? எல்லாம் நம்பர்தான். 1876இல் மெல்வில் டூயி என்ற அமெரிக்கர், உலகத்துப் புத்தகங்களையெல்லாம் பத்துப் பெரும் பிரிவாகப் பிரித்து எண் போட்டார். உலகின் எத்தனையோ நூல்நிலையங்களில் இன்றும் அந்த முறைதான். சமையல் 641. கித்தாவும் செம்பனையும் 633. இலக்கியம் 800இல் தொடங்குகிறது. அதில் ஆங்கிலத்துக்கு 820, பிரெஞ்சுக்கு 840 என்று ஐரோப்பிய மொழிகள் சிலவற்றுக்குத் தனித்தனிப் பங்களா. மற்ற உலகம் முழுவதையும் 890 என்ற ஒரே பத்துக்குள் தள்ளிவிட்டார். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. பக்கத்திலேயே 895இல் சீனம், கொஞ்சம் தள்ளி 899இல் மலாய். துரை பங்களாக்கள் மேட்டில், நாம் மூன்று வீட்டாரும் கீழே ஒரே லயத்தில்! வருத்தப்படுவதா, சிரிப்பதா? அங்குள்ள நம் பிள்ளைகள் சிரித்துக்கொள்கிறார்கள். "எங்கேடா போறே?" என்றால், "எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலுக்கு" என்பார்கள்.

எண் சரியாக இருக்கும். ஆனால் எழுத்து தெரியாததால் சில புத்தகங்கள் தலைகீழாக நிற்கும். மலாயில் குளுவாங் என்றால் பழந்தின்னி வௌவால். அதிலிருந்துதான் நம் ஊருக்கே பெயர் வந்தது. வௌவால் ஊரில் புத்தகம் தலைகீழாகத் தொங்கினால் குற்றமா என்று ஒரு மாணவன் கேட்க, மக்சிக் சிரித்துவிட்டு, தமிழில் எது மேல், எது கீழ் என்று அவனையே சொல்லித்தரச் சொன்னாராம். இப்போது 'ழ' எழுத்தை மட்டும் நன்றாக அடையாளம் தெரியும் அவருக்கு. அதன் வால் கீழே இருந்தால் புத்தகம் நேராக நிற்கிறது என்று அர்த்தம்.

டூயியின் கணக்கு போதாது என்று புதுக்கணக்கு போட்டவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, "இங்கே உட்கார முடியவில்லை, என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். வகுப்பறையில் பிள்ளைகளோடு பேசிப் பழகியவருக்குப் புத்தகங்களோடு தனியே இருப்பது தண்டனையாகப் பட்டது. வாத்தியார் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும். முதலில் இலண்டனுக்குப் போய் நூலகக் கலை படித்து வாரும், வந்த பிறகும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று ஓர் உடன்பாடு செய்து அனுப்பினார்கள்.

போனவர் அங்கே ஒரு கடையில் மெக்கானோவைப் பார்த்தார். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் வைத்து, பிள்ளைகள் இஷ்டம்போல் பாலமோ வண்டியோ செய்யும் விளையாட்டுச் சாமான் அது. புத்தகத்துக்கும் இப்படியே சின்னச் சின்னத் துண்டுகளைப் பூட்டி எண் அமைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் 1933இல் கோலன் பகுப்புமுறையாக வெளிவந்தது. 1925இல் ஊர் திரும்பியவர் கணிதத்துக்குப் போகவில்லை. இருபது ஆண்டுக் காலம் அந்த நூல்நிலையத்திலேயே கிடந்தார். கல்யாணத்தன்று கூடத் தாலி கட்டிவிட்டு மத்தியானமே வேலைக்கு வந்துவிட்டாராம்! மணப்பெண் என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அதையல்லவா முதலில் படித்திருப்போம்!

1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து அவர் புத்தகம் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. இதற்கு ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலிப் புத்தகங்களை இன்றும் பார்க்கலாம். நம் பக்கம் சங்கிலி கிடையாது, பூட்டு உண்டு. கண்ணாடி அலமாரிக்குள்ளே புத்தகம், சாவி ஒருவரிடம், அந்த ஒருவர் விடுப்பில். நம் பள்ளிகள் சிலவற்றில் இதை நானே பார்த்திருக்கிறேன். "பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் சார்" என்பார்கள். கிழியட்டுமே! கிழிந்தால் ஒட்டலாம். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ரங்கநாதன்தான் போய் அந்த வண்டியைத் தொடங்கி வைத்தார். மாடு இழுத்துக்கொண்டு போய்ப் புத்தகம் கொடுத்த பரம்பரை நம்முடையது.

நம் சின்ன நூல்நிலையத்துக்கு வருவோம். போன ஆண்டு ஒருநாள் மக்சிக் என்னைக் கூப்பிட்டு, தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பின்னட்டையைத் திறந்து காட்டினார். தேதி முத்திரை குத்தும் தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வெள்ளை. "சிக்கு, உங்கள் தட்டிலிருந்து அதிகமாக இரவல் போயிருப்பது தூசிதான்" என்றார். அந்தக் கல்லூரியில் ஐந்து ஆண்டாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துவிடும் வழக்கம். இடநெருக்கடி, புதுக் கணினிப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தமிழ் என்பதற்காகக் கழிப்பதில்லை, மலாய்ப் புத்தகமானாலும் அதே கதிதான். பட்டியல் ஆண்டுக் கடைசியில் போகும் என்றார். நான் எதுவும் கேட்காமலே சொன்னார்; அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

என் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்துச் சொன்னேன். ஆளுக்கு இரண்டு என்று தூக்கிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. முத்திரை விழுந்தது, அது போதும்.

அவர்களில் ஒரு பெண் மட்டும் வாராவாரம் புத்தகம் மாற்ற ஆரம்பித்தாள். "பரவாயில்லையே, இவ்வளவு வேகமா படிக்கிறியே" என்றேன். "நான் எங்க சார் படிக்கிறேன்? அம்மாதான்" என்றாள். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. காலையில் பிரட்டுக்குப் போய், வெயிலில் நின்று வந்து, சமைத்து, துணி துவைத்து, இரவு ஒன்பது மணிக்குமேல்தான் புத்தகத்தைக் கையில் எடுப்பாராம். கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் 894ஆம் நம்பருக்கு அவரைவிடப் பெரிய வாசகர் கிடையாது.

ஒரு வாரம் அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். இந்நாட்டில் அச்சான ஒரு குடும்ப நாவல். கடைசி நாலு பக்கம் இல்லை. மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள், கணவன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான். அவ்வளவுதான், அட்டை வந்துவிட்டது. "அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல சார். பக்கத்து வீட்டு அத்தைகிட்டயும் கதையைச் சொல்லிட்டாங்க. இப்ப லயமே ரெண்டு கட்சியா நிக்குது. அவ போயிருக்கணும்னு ஒரு கட்சி, இருந்திருப்பானு ஒரு கட்சி."

மக்சிக்கிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "நம் நாட்டில் அச்சான புத்தகமா? அப்படியானால் கவலை வேண்டாம்" என்று புத்தகத்தின் பெயரைப் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொண்டார். எழுதினார் என்று சொல்ல முடியாது. கோலம் போடுவது போல வரைந்தார். இங்கே பதிப்பாகும் ஒவ்வொரு நூலுக்கும் தேசிய நூல்நிலையத்துக்குப் பிரதிகள் கொடுத்தாக வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது தவிர, ஒரு நூல்நிலையம் இன்னொன்றிடம் இரவல் கேட்கும் ஏற்பாடும் உண்டு. இதெல்லாம் பேராசிரியர்களுக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் மட்டுந்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கு வேண்டும் என்ற இடத்தில் மக்சிக் என்ன எழுதினாரோ, நான் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தலைநகரிலுள்ள ஒரு நூல்நிலையத்திலிருந்து உறை வந்தது. உள்ளே நாலு பக்கமும் நகலெடுத்து இருந்தன. மக்சிக் அதைப் புத்தகத்தின் பின்னால் அழகாக ஒட்டினார். ஒட்டிவிட்டு, "அடிக், அவள் போனாளா, இருந்தாளா? எனக்கும் சொல்லிவிட்டுப் போ" என்றார். அந்தப் பெண் நின்றபடியே படித்து, மலாயில் சொல்லி முடித்தாள். கதை கேட்க இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

அடுத்த வாரம் புத்தகம் திரும்பி வந்தது. "அம்மா என்ன சொன்னாங்க?" என்று ஆவலோடு கேட்டேன்.

"ஒரு மாசம் காக்க வச்சு இதுதானா முடிவுன்னாங்க சார். எழுதினவருக்கு மாமியார் வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியலையாம். கடைசிப் பக்கம் இருக்கானு பாத்து வேற ஒண்ணு எடுத்துட்டு வரச் சொன்னாங்க."