நெஞ்செரிச்சலும் வெளுக்கும் விரல்களும்



இணைப்புத்திசு நோய்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை மிகவும் தேவையான ஒன்று. ஆனால் மூட்டுக்கும் தோலுக்கும் கிடைத்த இடம் வயிற்றுக்குக் கிடைக்கவில்லை.

இணைப்புத்திசு நோய்களில் ஒன்றான, தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உணவுக்குழாயும் பாதிக்கப்படுகிறது. சோறு நெஞ்சிலேயே நிற்கும். புளித்த நீர் மேலேறும். உப்புசமும் பேதியும் மலச்சிக்கலும் மாறிமாறி வரும். 1940-இல் மறைந்த ஓவியர் பால் க்ளே விழுங்க முடியாமல் தவித்தது இந்நோயால்தான் என்பது பிற்கால மருத்துவர்களின் கணிப்பு.

பெரியபாளையத்தில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் ‘கேஸ் மாத்திரை’யிலேயே காலம் தள்ளினார். மார்கழிக் குளிரில் அவர் விரல்கள் வெளுத்து நீலம் பாய்வதை யாரும் நெஞ்செரிச்சலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சென்னையில் ருமட்டாலஜி (மூட்டு, இணைப்புத்திசு நோய்) மருத்துவர் பார்த்த பிறகே இரண்டும் ஸ்கிளிரோடெர்மாவின் அறிகுறிகள் என்று தெரிந்தது. இப்போது மருந்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். இரவு உணவை முன்னதாகவே முடிக்கிறார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்திருக்கிறார். தூக்கம் திரும்பியிருக்கிறது.

சிலிக்கா தூசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1957-லேயே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் பதிவானது. கும்மிடிப்பூண்டி வட்டார வார்ப்புப் பட்டறைகளில் மணலோடு வேலை செய்வோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்ட ஊழியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது, “குளிரில் விரல் வெளுக்கிறதா? சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதா?” என்றும் கேட்கச் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், பெரியபாளையம்