எழுத்தை உடைப்பதா, குறி இடுவதா?

ஆங்கிலம் பயிலும் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து, "ஒலிக்காத எழுத்தை ஏன் எழுத வேண்டும், உஸ்தாது?" என்று வினவினான். அவன் வினாவில் நியாயம் இருந்தது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் 'பி' என்றோர் எழுத்து ஊமையாய் நிற்கிறது. பிரெஞ்சு வழியாக வந்தபோது அச்சொல்லில் அவ்வெழுத்து இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்ட விரும்பிய புலவர்கள் பின்னாளில் அதைப் புகுத்தினர். ஓ, யு, ஜி, எச் என்னும் நான்கெழுத்துக் கூட்டமோ 'தோ', 'த்ரூ', 'காஃப்', 'ரஃப்' எனச் சொல்லுக்குச் சொல் வேடம் மாற்றுகிறது. 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின்னர் எழுத்து மெல்ல உறைந்தது. உயிரொலிகளோ நில்லாமல் நகர்ந்தன. நோய் இதுவே, இதை மறுப்பதற்கில்லை.

ஆயின் மருத்துவர்கள் நீட்டும் மருந்தை நாம் ஏற்பதற்கில்லை. "ஒலிப்பதை அப்படியே எழுதுக; பழையதை ஒழித்திடுக" என்பது அவர்கள் வாதம். 1906-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களைப் புதிய வடிவில் அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். காங்கிரஸ் எதிர்க்கவே அவ்வாண்டே பின்வாங்கினார். 1949-இல் பிரிட்டனின் காமன்ஸ் சபையில் வந்த மசோதா 87-க்கு 84 என்ற வாக்குகளில் தோற்றது. பெர்னார்ட் ஷா உயிலில் பொருள் ஒதுக்கிய புதிய எழுத்தில் 1962-இல் அவர் நாடகம் ஒன்று அச்சாயிற்று. அவ்வெழுத்தைப் படிப்பார் இன்று மிகச் சிலரே. இலக்கணத்தையும் சுருக்க முனைந்த ஆக்டன், 1930-இல் 850 சொற்களில் ஓர் ஆங்கிலம் வகுத்தார். அதில் வினைச்சொற்கள் இருபதுக்கும் குறைவு. அதுவும் நிலைக்கவில்லை.

மக்களின் சோம்பலே இத்தோல்விகளுக்குக் காரணம் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. முதலாவது, எவருடைய ஒலிப்பை எழுதுவது? 'கார்' என்பதன் ஈற்று 'ர்' ஸ்காட்லாந்தில் ஒலிக்கும், லண்டனில் ஒலிக்காது. இரண்டாவது, ஊமை எழுத்தெல்லாம் வீணல்ல. கையொப்பமிடுதலைக் குறிக்கும் 'சைன்' என்பதில் 'ஜி' ஒலிக்காது. 'சிக்னேச்சர்' என்பதில் ஒலிக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று காட்டுவது அவ்வெழுத்தே. அரபியில் வேரெழுத்துகளைத் தேடிப் பழகியோருக்கு இதன் அருமை விளங்கும். மூன்றாவது, எழுத்து மாறினால் பாட்டனின் ஏடு பேரனுக்குப் பூட்டிய பெட்டியாகும். 1928-இல் அரபெழுத்தை விட்டு லத்தீன் எழுத்தை ஏற்ற துருக்கியில் அதுவே நேர்ந்தது. நம் இல்லங்களில் எவரும் ஆணையிடாமலே அரபுத் தமிழை மறந்தோம். நம் பாட்டிமார் ஓதிய நூல்கள் பரணில் உறங்குகின்றன. அந்த இழப்பை அறிந்த நாம் பிறருக்கு அதைப் பரிந்துரைக்கலாமா?

"அப்படியாயின் பிள்ளைகள் துன்புறட்டுமா?" என்று கேட்பர். வேண்டியதில்லை. அரபியர் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர்? அபுல் அஸ்வத் அத்துஅலீ தொடங்கியதாகக் கூறப்படும் குறிகளைக் கலீல் இப்னு அஹ்மத் செம்மை செய்தார். ஸபர், ஸேர், பேஷ் என எழுத்தின் மேலும் கீழும் குறிகள் வந்தன. சொல்லின் உருவம் மாறவில்லை. 'ஸலாத்' என்னும் சொல் குர்ஆனில் இன்றும் 'வாவ்' எழுத்தோடுதான் நிற்கிறது. அதன் மேலுள்ள சிற்றலிஃபைக் கண்டு பிள்ளை சரியாக ஓதுகிறது. தேர்ந்தவர் குறியில்லா நூலையும் படிக்கிறார்.

ஜேம்ஸ் பிட்மன் வகுத்து, 1961-இல் இங்கிலாந்துப் பள்ளிகளில் சோதிக்கப்பட்ட முறையோ இதற்கு நேர்மாறு. நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் பிள்ளை கற்று, பின்னர் அவற்றைக் கைவிட வேண்டும். கற்றதை மறக்கச் செய்வதா கல்வி?

தொடக்க நூல்களில் ஊமை எழுத்தை மங்கலாக அச்சிடுக. நெட்டுயிர் மேல் கோடிடுக. வெப்ஸ்டர் 1828-இன் அகராதியில் 'கலர்', 'ஹானர்' ஆகியவற்றில் 'யு'வை நீக்கியது போன்ற சிறு திருத்தம் நிலைக்கும். பழையதைப் படித்தவன் புதியதையும் படிப்பான். அதற்கு மேல் எழுத்தில் கை வைப்போர், வருந்தலைமுறையின் சுமையை இறக்குவதாகச் சொல்லி அதன் சொத்தையே பறிக்கின்றனர் என்போம்.