சிகரெட் தொடாத பெண்ணுக்கு ஏன் இந்த வருத்தம்?

தோழர்களே, மாம்புரியில் தூசு என்றதும் எல்லோருடைய கையும் நுரைச்சோலைப் பக்கமே நீளும். 2011ல் ஓடத் தொடங்கிய அனல் மின் நிலையத்தின் நிலக்கரித் தூசையும் சாம்பலையும் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் மூச்சு முட்டி வார்டில் படுக்கும் நம் பெண்களுக்கு அதைவிடக் கிட்டத்தில் ஒரு புகை இருக்கிறது.

நாட்பட்ட சுவாச அடைப்பு நோயை டொக்டர்மார் சி.ஓ.பி.டி. என்பார்கள். 2019ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாமோ இதை பீடி, சிகரெட் குடிக்கும் ஆண்களின் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இலங்கையில் பெண்கள் புகைப்பது மிக அரிது. ஆனாலும் இருபது முப்பது வருடம் தென்னம் மட்டையும் பாளையும் எரித்துச் சமைத்த நெஞ்சு என்ன ஆகும்? அதற்கு மேல் பகலில் கொப்பறா வாடியின் சிரட்டைப் புகை, தும்பு மில்லின் தூசு. பெண்களின் மூச்சுக் குழாய்கள் ஆண்களுடையதைவிடச் சிறியவை. அதே புகை கூடுதலாகக் கெடுக்கும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது, காஸ் வைத்திருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி "சிகரெட் குடிப்பீங்களா?" என்பதுதான். ஆண் "ஓம்" என்பார், விசாரணை மேலே போகும். பெண் "இல்லை" என்பாள், ஆஸ்துமா என்று எழுதிவிடுவார்கள். இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்கா, கனடா டொக்டர்மாரிடம் ஒரே நோய்க்குறிகளை ஆண் என்றும் பெண் என்றும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001ல் வெளியான அந்த ஆய்வில், ஆண் என்றபோதே சி.ஓ.பி.டி. என்ற பதில் கூடுதலாக வந்தது. குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் பரிசோதனையின் முடிவைக் காட்டியதும் அந்த வித்தியாசம் குறைந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டுக்கும் மருந்து முறை ஒன்றல்ல. பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இந்த வருத்தம் திடீரென முற்றுவது பெண்களுக்கு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இதன் மிச்சத்தை நான் வகுப்பு இடாப்பில் பார்க்கிறேன். தகப்பன் வார்டில் படுத்தால் தாய் வீட்டைப் பார்ப்பாள், பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். தாய் படுத்தால் மூத்த மகளின் பெயருக்கு நேரே வரிசையாக வரவில்லை அடையாளம் விழும். அதை நினைத்தும், நாட்சம்பளம் போகும் என்று பயந்தும் பெண்கள் கடைசி நேரம் வரை வாடியிலேயே நிற்கிறார்கள். சளி கூடி நிறம் மாறினால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். பேச மூச்சுப் போதாமல் போனால், உதடு நீலம் பூத்தால் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

அக்காமார், தங்கச்சிமாரே, கிளினிக்கில் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: எத்தனை வருடம் விறகடுப்பு, எத்தனை வருடம் வாடி அல்லது தும்பு மில். அதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனை எங்கே செய்யலாம் என்றும் கேளுங்கள். அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். புகைக்கூண்டு இல்லாவிட்டால் புகை வீட்டுக்குள்ளேதான் சுற்றும்.

சங்கம் சம்பளத்தோடு இவற்றையும் மேசையில் வைக்க வேண்டும்: லைன் வீடுகளின் குசினிக்குப் புகைக்கூண்டு, வாடியில் காற்று போக வழி, தும்பு மில்லில் தரமான முகக்கவசம், கிளினிக் நாளுக்குச் சம்பளம். கிளைக் கூட்டங்களில் இதைப் பேச ஆண்கள் மட்டும் வந்தால் போதாது.