சர்வே இல்லாத பயணம் இனி இந்த இதழில் வராது

மேகாலயாவில் குகைப் பயண சீசன் முடிந்த கையோடு இதழுக்குப் பயணக் கட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். படங்கள் வருடத்துக்கு வருடம் மெருகேறுகின்றன. விளக்கும் கேமராவும் அந்த அளவுக்கு மலிந்துவிட்டன. ட்ரோனில் எடுத்த மலைமுகடு, கயிற்றில் தொங்கும் நண்பர், மார்பளவு தண்ணீரில் சிரிக்கும் முகங்கள் எல்லாம் இருக்கும். குகை எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே கிளை பிரிகிறது, எந்த இடத்தில் திரும்பி வந்தார்கள் என்று தேடினால் ஒரே ஒரு வரி அகப்படும்: சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போனோம்.

அளந்தது யார்? பெரும்பாலும் யாருமில்லை. தவழ்ந்து போனவருக்கு நூறு மீட்டர் அரைக் கிலோமீட்டராகத் தோன்றும். அகலமான ஆற்றுப்பாதையில் நிமிர்ந்து நடந்தவருக்கு அதற்கு நேர்மாறு. இருட்டில் தூரத்தைக் கண் மதிப்பில் சொல்வது யாருக்கும் கைவராத வித்தை என்பது இந்த இதழைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எழுதுகிறோம், நாங்களும் அச்சிட்டு வந்தோம்.

அடுத்த இதழிலிருந்து அது நிற்கிறது. புதிய குகையையோ, தெரிந்த குகையில் புதிய பாதையையோ கண்டதாகச் சொல்லும் கட்டுரை அளந்து வரைந்த சர்வே படத்தோடு வந்தால்தான் அச்சாகும். சிலர் வருத்தப்படுவார்கள். பொழுதுபோக்குக்குப் போகிறவனிடம் போய்க் கணக்குக் கேட்கலாமா என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார். கேட்கலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

பேலம் குகையை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புருஸ் ஃபூட், 1884-இல் பேலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதிவிட்டார். ஊர்க்காரர்களுக்கோ அது அதற்கும் முன்பே தெரியும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது 1980-களின் தொடக்கத்தில் டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மன் குழு டேப்பும் காம்பஸுமாக இறங்கிய பிறகுதான் வெளியே வந்தது. 3,229 மீட்டர் என்று இன்றும் நாம் சொல்லும் நீளம் அந்த வழியில் வந்ததே. இடையில் கிட்டத்தட்ட நூறு வருடம் அது வெறும் ஒரு குழி.

மேகாலயாவின் கதையும் இதுதான், அளவுதான் பெரிது. 1992-இல் மேகாலயா அட்வெஞ்சரர்ஸ் அசோசியேஷனும் பிரிட்டிஷ் குகையாளர்களும் சேர்ந்து தொடங்கிய பயணங்கள் பிறகு பல நாட்டவர் கூடும் முகாம்களாக வளர்ந்தன. காசி, ஜெயந்தியா, காரோ மலைகளில் அளந்து முடித்த பாதை 400 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஷ்னோங்ரிம் முகட்டின் அடியில் தனித்தனியாக அளக்கப்பட்ட குகைகள் ஒன்றோடு ஒன்று இணைந்துதான் கிரெம் லியாட் பிரா 30 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. மௌசின்ராம் பக்கத்துக் கிரெம் பூரியை 2018-இல் அளந்தபோது 24.5 கிலோமீட்டர் வந்தது. மணற்கல் குகைகளில் உலகிலேயே நீளமானது என்று இருந்த வெனிசுவேலாவின் இமாவாரி யெவுட்டா பின்னுக்குப் போனது. கிரெம் பூரி ஒரு சிக்கல் வலை. பார்த்துவிட்டு வந்தோம் என்று மட்டும் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அந்த முகாம்களில் சகதி உடையைக் கழற்றிவிட்டுத் தேநீரோடு உட்காருகிறவர்கள் அன்றைய அளவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டுத்தான் கதை பேசுவார்கள். எந்தப் பாதை எதன் மேலே ஓடுகிறது, எங்கே தேடினால் இணைப்புக் கிடைக்கும் என்பது திரையில் தெரிந்துவிடும். மறுநாள் எந்தக் குழு எங்கே போவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் மாமத் குகையை விடச் சிறந்த பாடம் கிடையாது. கென்டக்கியில் மாமத் ஒரு பக்கம், ஃபிளின்ட் முகட்டுக் குகைத்தொகுதி ஒரு பக்கம்; நடுவில் ஹௌசின்ஸ் பள்ளத்தாக்கு. இரண்டும் இணைகின்றனவா என்பது அங்கத்திய குகையாளர்களின் பல்லாண்டுக் கேள்வி. 1957-இல் தொடங்கிய கேவ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் வருடக்கணக்காக ஒரே வேலையைச் செய்தது: போ, அள, படத்தில் ஏற்று, படத்தைப் பார்த்து அடுத்த இடத்தைத் தேர்ந்தெடு. 1972 கோடையில், பட்ரீஷியா க்ரௌதர் என்ற மெலிந்த உடல்வாகுக்காரர் நுழைந்து பார்த்த ஒரு குறுகல் புதிய பாதைக்கு வழிவிட்டது. அதற்கு அப்பால் சுவரில் ஓர் அம்புக்குறியும் 'பீட் ஹெச்' என்ற கீறலும் இருந்தன. பீட் ஹான்சன் பழைய காலத்து மாமத் குகை வழிகாட்டி. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஏற்கெனவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்! 1972 செப்டம்பர் 9 அன்று ஜான் வில்காக்ஸ் தலைமையில் ஆறு பேர் அந்த ஆற்றுப்பாதையில் மார்பளவு தண்ணீரில் நடந்து போய், கடைசியில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்டிருந்த கைப்பிடிக் கம்பியைத் தொட்டார்கள். அது மாமத். இன்று அந்தத் தொகுதியின் அளந்த நீளம் 680 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது.

பட்ரீஷியாவும் அன்றைய கணவர் வில் க்ரௌதரும் குகை அளவுகளைக் கணினியில் ஏற்றிப் படம் வரைந்தவர்கள். வில் பிற்பாடு அதே குகையின் ஒரு பகுதியை வைத்து 'அட்வெஞ்சர்' என்ற கணினி விளையாட்டை எழுதினார். எழுத்திலேயே நடக்கும் சாகச விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதை அது. சர்வே நோட்டிலிருந்து ஒரு துறையே பிறந்த கதை இது ஒன்றுதான் என்று நினைக்கிறோம்.

அதே மாமத்தில் இன்னும் பின்னால் போனால் ஸ்டீபன் பிஷப் நிற்கிறார். 1838-இல் வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்ட அடிமை. அடியில்லாப் பள்ளம் என்று எல்லோரும் அஞ்சி நின்ற குழியை முதலில் கடந்தவர். 1842-இல் குகையை விட்டு வெகுதூரம் தள்ளி உட்கார்ந்து நினைவிலிருந்தே அவர் வரைந்த படம் 1840-களிலேயே அச்சேறியது, அவர் பெயரைத் தாங்கி. விலைக்கு வாங்கப்பட்ட ஒரு மனிதருக்கு அந்தக் காலத்தில் அச்சில் கிடைத்த மரியாதை, நம் கட்டுரைகளில் மேகாலயக் கிராமத்துக்காரருக்குக் கிடைப்பதில்லை. நுழைவாயிலைக் காட்டியவர் அவர், புதரை வெட்டி வழி செய்தவர் அவர். கட்டுரையில் 'ஓர் உள்ளூர்க்காரர்'. இதையும் மாற்றப்போகிறோம். எப்படி என்பது கீழே வரும்.

அளந்து வைத்த படம் எதற்கெல்லாம் உதவும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. தாய்லாந்தின் தாம் லுவாங் சம்பவத்தை 2018-இல் உலகமே பார்த்தது. 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் ஜூன் 23 அன்று உள்ளே போய் வெள்ளத்தில் சிக்கினார்கள். ஜூலை 2 அன்று ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலந்தனும் முக்குளித்துப் போய் அவர்களைக் கண்டார்கள். இருவருக்குமே குகை முக்குளிப்பு பொழுதுபோக்குத்தான். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கணினித் துறைக்காரர். மீட்பில் தாய்லாந்தின் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உயிரைக் கொடுத்தார். தொலைக்காட்சி காட்டாத ஒன்று உண்டு. அந்தக் குகைக்கு 1980-களில் பிரெஞ்சுக் குழு ஒன்று எடுத்த சர்வே படம் இருந்தது. பக்கத்திலேயே வசித்த பிரிட்டிஷ் குகையாளர் ஒருவர் வருடக்கணக்கில் உள்ளே போய்ப் பார்த்து வைத்திருந்தார். சிறுவர்கள் எங்கே ஒதுங்கியிருக்கலாம், 'பட்டாயா பீச்' என்று அழைக்கப்பட்ட இடம் எத்தனை வளைவு தள்ளி என்பதையெல்லாம் அதனால்தான் பேச முடிந்தது. அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் யாரையும் காப்பாற்றுவதற்காக அளக்கவில்லை. விடுமுறையில் வந்து அளந்தார்கள், அவ்வளவுதான்.

இனி வேலையைப் பற்றி. படம் கேட்டால் பலர் பின்வாங்குவதற்குக் காரணம் சோம்பல் என்று நாங்கள் நினைக்கவில்லை. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாங்கள் எதிர்பார்ப்பது பிரிட்டிஷ் குகை ஆய்வுச் சங்கத்தின் 5-ஆம் தரம்: திசையும் சாய்வும் ஒரு டிகிரிக்குள், ஸ்டேஷன் எனும் அளவுப்புள்ளி இருக்கும் இடம் 10 சென்டிமீட்டருக்குள். கேட்கப் பயமாக இருக்கும். நிதானமுள்ள மூன்று பேர் ஒரு பருவத்தில் பழகிவிடலாம்.

தவறுகள் பெரும்பாலும் கருவியில் இல்லை, பழக்கத்தில்தான். திசை பார்க்கிறவர் ஹெல்மெட் விளக்கைக் காம்பஸுக்கு மேலேயே வைத்துக்கொண்டு குனிவார். பேட்டரி முள்ளை இழுக்கும். இரும்புச் சட்டக் கண்ணாடியும் அப்படியே. 'மைனஸ் 8' என்று கத்தியது அருவிச் சத்தத்தில் '8' என்று நோட்டில் ஏறும், குகை மேல்நோக்கி ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும், கருவியைப் படிக்கிறவர் 'சரி' சொல்லும்வரை அடுத்த ஸ்டேஷனுக்கு நகரக் கூடாது. முன்னே ஒரு தடவை, திரும்பிப் பின்னே ஒரு தடவை என்று திசை பார்த்தால் இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வரவேண்டும். வராவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். பாதை சுற்றிக்கொண்டு தொடங்கிய ஸ்டேஷனுக்கே வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். சுற்று எவ்வளவு விலகி மூடுகிறது என்பதுதான் உங்கள் சர்வேக்கு மதிப்பெண். சின்னச் சின்ன விலகல்கள் சேர்ந்ததா, ஒரே ஓர் இடத்தில் பெரிய பிசகா என்பதை சர்வெக்ஸ், தெரியன் போன்ற மென்பொருள்கள் காட்டிக்கொடுக்கும்.

சுவிட்சர்லாந்தின் பெயாட் ஹீப் உருவாக்கிய டிஸ்டோஎக்ஸ் வந்தபின் நீளம், திசை, சாய்வு மூன்றும் ஒரே பொத்தானில் கிடைக்கின்றன. நல்லது. ஆனால் அதை 56 அளவுகள் எடுத்துத் திருத்தி வைக்கவேண்டும், பேட்டரி மாற்றினால் மறுபடி சோதிக்கவேண்டும் என்பதைக் கடன் வாங்கிப் போகிறவர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பழைய காம்பஸ் பொய் சொன்னால் முகத்தில் தெரியும். இது தெளிவான இலக்கத்தில் பொய் சொல்லும்.

போனில் உள்ள லைடாரை வைத்து ஸ்கேன் செய்து அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். துணைக்கு அனுப்புங்கள், படத்துக்குப் பதிலாக வேண்டாம். ஐந்து மீட்டருக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எந்த இடுக்கிலிருந்து வருகிறது, கூரையில் வெள்ளம் விட்டுப்போன குப்பை எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்பதைப் ஸ்கேனில் வரும் புள்ளிக் கூட்டம் சொல்லாது. பென்சில் பிடித்தவர் நின்று பார்த்து வரைந்தால்தான் வரும். குழுவில் மிக மெதுவானவர் அவர்தான். அவர் வரைந்து முடிக்கும்வரை மற்றவர்கள் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள், அவசரப்படுத்துவார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டில் எங்கே பழகுவது? பெரிய சுண்ணாம்புக் குகை நமக்கு இல்லை. பாறைகள் சரிந்து குவிந்த குன்றுகள் போதும். இண்டு இடுக்குகளில் ஒரு சுற்று எடுத்து மூடிப் பாருங்கள். அடுக்குமாடிப் படிக்கட்டு வேண்டாம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முள்ளை ஆட்டிவைக்கும். 2024-இல் வந்த மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொடைக்கானல் குணா குகையைக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: அது ஆளை விழுங்கும் பிளவு, அங்கே போகாதீர்கள்.

படத்தை வெளியிட்டால் குகைக்கு ஆபத்து என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. கல்விழுதை ஒடித்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு, வௌவால் அடைந்திருக்கும் கூடத்தில் கூட்டமாகப் போய்க் கத்துகிறவர்களும் உண்டு. அதே நேரம் ஜெயந்தியா மலையில் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. படத்தில் இல்லாத குகை அரசுக் கோப்பில் வெறும் மலை. வெடி வைத்தபின் அங்கே ஒரு குகை இருந்ததென்று யாராலும் நிரூபிக்க முடியாது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் புவியியல் காலப்பிரிவுக்கு 2018-இல் மேகாலயன் என்று பெயர் வைத்தார்களே, அதற்கு அளவுகோல் மௌம்லு குகையில் எடுத்த ஒரு கல்முளை. மேகாலயாவின் தெற்குச் சரிவிலும் ஜெயந்தியாவிலும் இன்னும் எத்தனை கல்முளைகள் பெயரில்லாமல் நிற்கின்றனவோ.

அதனால் எங்கள் ஏற்பாடு இது. குகையின் உட்படத்தை முழுமையாக வெளியிடுவோம். நுழைவாயிலின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஊர்ச் சபையான தர்பார் சம்மதித்தால் மட்டுமே அச்சிடுவோம். மேகாலயாவில் நிலம் குலத்துக்கும் ஊருக்கும் தனியாருக்கும் சொந்தம். கேட்காமல் சொல்ல நமக்கு உரிமை இல்லை. முடித்த படத்தின் பெரிய பிரதி ஒன்றை ஊர்த் தலைவரிடம் கொடுத்துவிட்டதாகக் கட்டுரையோடு ஒரு வரி எழுதுங்கள். படத்தின் மூலையில் முதலில் ஸ்கெட்ச் போட்டவர் பெயர், பிறகு கருவி படித்தவர்கள், அதே எழுத்தளவில் வழிகாட்டிய ஊர்க்காரர்கள், அவர்கள் சம்மதித்தால். பயணத் தலைவர் பெயர் கடைசியில்.

மூல நோட்டின் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். சகதிக் கறையும் அடித்தல் திருத்தலும் இருக்கட்டும், அழகாகப் பெயர்த்தெழுதி அனுப்ப வேண்டாம். பெயர்த்தெழுதும்போதுதான் மைனஸ் குறிகள் காணாமல் போகின்றன.