பூச்சி ஐயங்காரும் அரக்குத் தட்டும்

1988-ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் சித்ரா பாடிய 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. இளையராஜா அதை மோகன ராகத்தில் போட்டது சும்மா இல்லை. அதே பெயரில் மோகனத்தில் ஒரு வர்ணம் ஏற்கெனவே இருக்கிறது. சரளி வரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் முடித்த பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரும் வர்ணங்களில் அதுவும் ஒன்று. மயிலாப்பூரிலும் பாடுகிறார்கள், சிங்கப்பூரிலும் பாடுகிறார்கள். அதைப் பண்ணியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

நம்ம ராமநாதபுரம்தான்!

ராமநாதபுரம் ஸ்ரீனிவாச ஐயங்கார், 1860-ல் பிறந்தவர், 1919-ல் மறைந்தவர். ஊர் உலகத்துக்கு 'பூச்சி' ஐயங்கார். (அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பூச்சிக்கு அப்புறம் வருவோம்.) மதுரையில் 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர்தான் இவரை ஆதரித்த வள்ளல். பாட்டுக் கற்றுக்கொண்டது பட்டணம் சுப்ரமணிய ஐயரிடம். சுப்ரமணிய ஐயரின் குரு மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர், அவருடைய குரு தியாகராஜர். ஆக, தியாகராஜரிலிருந்து எண்ணினால் நான்காவது ஆள். அன்றைய வழக்கப்படி தெலுங்கில்தான் நிறைய எழுதினார். கேதாரகௌளையில் 'சரகுண பாலிம்ப', பூர்விகல்யாணியில் 'பரம பாவன ராம', ரீதிகௌளையில் தியாகராஜரையே போற்றி 'சத்குரு ஸ்வாமிகி', பேகடாவில் 'அனுதினமுனு'. பாம்பன் ரயில் பாலம் திறந்த 1914-ல் அவருக்கு 53 வயது. பாலத்தைப் பற்றி ராமேஸ்வரம் ஆட்டோ டிரைவர் அரை மணி நேரம் பேசுவார். பாட்டுக்காரரைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இவருடைய பாட்டுகளை இன்று பெரும்பாலானவர்கள் கற்றுக்கொள்வது ஸ்வரம் போட்ட புத்தகத்திலிருந்தும், சமீபத்தில் வந்த ஆல்பங்களிலிருந்தும். பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "ஒரே கரகரப்பு." இரண்டு, "மூணு நிமிஷத்தில் அவசர அவசரமாப் பாடி முடிச்சுடறாங்க, அதிலே என்ன இருக்கு?" இரண்டுமே சரியான பதில் இல்லை.

ஐரோப்பாவைப் பாருங்கள். பியானோ மேதை பிராம்ஸ் 1889-ல் எடிசனின் மெழுகு உருளையில் கொஞ்சம் வாசித்தார். அந்தப் பதிவில் பியானோவைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். இருந்தும் நூறு வருஷத்துக்கு மேலாக அதைச் சுத்தம் செய்வதும் ஆராய்வதுமாக இருக்கிறார்கள். ஷோபான் 1849-லேயே இறந்துவிட்டார், ஒலிப்பதிவுக் கருவியே அப்போது கிடையாது. அதற்காக விட்டுவிட்டார்களா? ஷோபானிடம் படித்தவர் மிகுலி, மிகுலியிடம் படித்தவர் கொசால்ஸ்கி. அந்தக் கொசால்ஸ்கியின் பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்து, குரு வாசித்த வாசனை அதில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். பேரன் முகத்தில் தாத்தாவின் ஜாடையைத் தேடுவது மாதிரி.

நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பூச்சி ஐயங்காரிடம் பல வருஷம் நேரடியாகப் படித்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1985-ல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான். இன்றைய கச்சேரி வடிவத்தை அமைத்தவர் என்று சொல்லப்படுகிறவர். அவர் இசைத்தட்டிலும் பாடினார், வானொலியிலும் பாடினார், சபாக் கச்சேரிகளின் டேப்புகளும் இருக்கின்றன. பேரன் வேண்டாம், மகனின் முகமே இருக்கிறது!

அவர் பாடிய 'அனுதினமுனு' ஒன்று போதும். பேகடா என்பது பட்டணம் சுப்ரமணிய ஐயருக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்ட ராகம், 'பேகடா' சுப்ரமணிய ஐயர் என்றே அவரைச் சொல்வார்கள். குருவின் ராகத்தில் சிஷ்யர் பாட்டுக் கட்டுகிறார், அதைச் சிஷ்யரின் சிஷ்யர் பாடுகிறார். மூன்று தலைமுறை ஒரே பாட்டில். அரியக்குடி அதை இழுக்க மாட்டார், அழ மாட்டார், வித்தை காட்ட மாட்டார். மத்யம காலத்தில் சீராக ஓடும். ராகத்தின் வளைவுகள் வந்துபோகும், ஆனால் "பார், இதோ வளைக்கிறேன்" என்று காட்டிக்கொள்ளாது. இப்போது பலர் அதே பாட்டை நிறுத்தி நிதானமாக அலங்காரம் செய்து பாடுகிறார்கள். அதுவும் அழகுதான். ஆனால் எது ராமநாதபுரத்துச் சொத்து, எது பிற்பாடு சேர்ந்த நகை என்று தெரிய வேண்டுமானால் பழையதைக் கேட்டே ஆகவேண்டும்.

"தட்டில் இடம் இல்லை, அதனால் வேகமாகப் பாடினார்" என்ற வாதம் பாதிதான் உண்மை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். ஆலாபனையை வெட்டியாக வேண்டும், சங்கதியைக் குறைத்தாக வேண்டும். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் நேரக் கட்டுப்பாடு இல்லாத சபாக் கச்சேரி டேப்புகளிலும் அரியக்குடி அதே நடையில்தான் போகிறார். அப்படியென்றால் அந்த ஓட்டம் தட்டு கொடுத்தது அல்ல, பாணியே அதுதான். அந்தக் கச்சேரிப் பாணிக்கே விதை குருவிடமிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. தட்டையும் டேப்பையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் இது பிடிபடும்.

கரகரப்புக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1925 வாக்கில் மைக் வரும்வரை பாடகர்கள் ஒரு பெரிய குழாய்க்கு முன்னால் நின்று கத்திப் பாட வேண்டியிருந்தது. ஆரம்ப நாட்களில் தென்னிந்தியாவில் துணிந்து பாடியவர்களில் பெண்கள்தான் முன்னணியில். கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்ட மொரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர், அதை வைத்து 'ராகமாலிகா' என்று பியானோவோடு பாட ஒரு பாட்டே எழுதினார். கரகரப்பு அவரைத் தடுக்கவில்லை, நம்மைத்தான் தடுக்கிறது :-)

இப்போது பூச்சி. அந்தக் காலத்துத் தட்டுகளில் முக்கியமான சரக்கு அரக்கு. அரக்கு எங்கிருந்து வருகிறது? மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சியிடமிருந்து. பூச்சி ஐயங்காரின் பாட்டைப் பூச்சியே சுமந்திருக்கிறது! ஆனால் அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். இரும்பு ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். இது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதாத தேய்மானம்.

இதில் பணக் கணக்கு வேறு இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் 60 வருஷம். 1950களுக்குள் வந்த தட்டுகளுக்கெல்லாம் அது முடிந்துவிட்டது. பாட்டை இயற்றியவரோ 1919-லேயே போய்விட்டார். ஆகவே யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், இலவசமாகக் கொடுக்கலாம். கேட்க நல்ல செய்திதான். ஆனால் உரிமை இல்லாத சரக்கில் லாபம் இல்லை, லாபம் இல்லாததில் கம்பெனி காசு போடாது. எல்லோருக்கும் சொந்தமான தட்டு பரணில் கிடக்கிறது. இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் தனிப்பட்ட சேகரிப்பாளர்கள்தான், கைக்காசைப் போட்டு. அவர்கள் இணையத்தில் ஏற்றியதைத்தான் மற்றவர்கள் கேட்கிறார்கள். சிலது தவறான வேகத்தில் ஓடுகிறது, சுருதியே மாறிப்போய். அதைச் சரிபார்க்கவும் ஒருவருக்கு வேலை கொடுத்தால்தான் நடக்கும்.

வாரியமும் வேண்டாம், மணிமண்டபமும் வேண்டாம். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டூர் வந்து சேதுபதிகளின் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ராமேஸ்வரம் போய்விடுகிறார்கள். அந்த ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஹெட்போன், சரியான வேகத்தில் சுத்தம் செய்த பத்துப் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் யார் பாடியது, எந்த ராகம் என்று தமிழில் இரண்டு வரி. செலவு ஒரு கல்லூரி ஆண்டுவிழா மேடைப் பந்தல் அளவுகூட ஆகாது. 'நின்னுக்கோரி'யைச் சினிமாப் பாட்டாக மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு முதலில் அந்த வர்ணத்தைப் போடலாம். நேரம் இருந்தால் பேகடாவையும்.