கட்டை வண்டிக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தது?



1972-ஆம் வருஷம் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் நம் பெரியவர்கள் கோயமுத்தூர் நகரத்துக்குள் கட்டை வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, மறந்துவிடவில்லையே? எனக்கு அப்போது நினைவு தெரியாத வயசு. அப்பா சொல்லித்தான் தெரியும். அந்த வண்டிகளில் ஒன்றையாவது கம்பெனிக்காரன் செய்தானா? ஊர் ஆசாரி கருவேல மரத்தில் குடமும் ஆரக்காலும் வட்டையும் இழைத்தார். கொல்லர் இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டினார். எந்த ஆபீசரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. வண்டி ஓடியது. மாடு செத்து வேறு மாடு வந்தது, வண்டி அதே வண்டி.

இன்றைக்கு அந்த ஆசாரி உட்கார்ந்த இடத்தில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. கட்டை வண்டி நின்ற இடத்தில் டிராக்டர் டிரெய்லர் நிற்கிறது. பழைய லாரி அச்சு ஒன்று, நாலு இஞ்சு சேனல், ஆங்கிள், தகடு, காயலான் கடையில் பார்த்து எடுத்த வீல் டிரம். இவ்வளவையும் வைத்து நம்ம ஊர்ப் பையன் பத்து நாளில் டிரெய்லர் செய்து நிறுத்துகிறான். எரு அடிக்க, சோளத்தட்டு கொண்டுவர, மஞ்சள் ஏற்ற, கரும்புக் கரணை இறக்க, எல்லாத்துக்கும் அதுதான். ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருக்கிறவன் கம்பெனி டிப்பர் வாங்கிக் கட்டுபடி ஆகுதுங்களா?

ஆனால் ரோட்டில் ஏறினால் குற்றவாளி!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கே நடந்தது. மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு ஈரோடு போகிற வழியில் நிறுத்தினார்கள். டிராக்டருக்கு ஆர்.சி. புக் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. டிரெய்லருக்கு எங்கே என்றார்கள். பேசிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மூணு மணி நேரம் ரோட்டோரம் நின்றதில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் பாதி மூட்டைக்குத்தான் எட்டியது. வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்ட மஞ்சள் நனைந்தால் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அபராதத்தைவிட அதுதான் பெரிய அபராதம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. இல்லாவிட்டால் 192-ஆம் பிரிவில் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறு தடவை 10,000 வரை போகும், ஜெயிலும் உண்டு. வண்டியைப் பிடித்து வைக்க 207-ஆம் பிரிவு இருக்கிறது. சரி, பதிவே செய்துவிடுவோம் என்று போனேன். விற்றவர் சான்று எங்கே, தயாரிப்பாளர் கொடுக்கிற படிவம் 22 எங்கே என்று கேட்டார்கள். தயாரித்தவர் எங்கள் ஊர் வேலுச்சாமி கோயிலுக்கு எதிர்த்த பட்டறைக்காரர் என்றேன். சிரித்தார்கள்.

ஏனுங்க சிரிப்பு? "ரோட்டில் பாதுகாப்பு வேண்டும்" என்று சட்டம் கேட்டால் நியாயம், தலை வணங்குகிறோம். "கம்பெனி முத்திரை வேண்டும்" என்று கேட்டால் அது வியாபாரம். பாதுகாப்பு இருக்கிறதா என்று வண்டியைப் பார்த்துச் சொல்ல மோட்டார் வாகன ஆய்வாளர் என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது அரசாங்கம். அவர் அச்சைப் பார்க்கட்டும், வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கட்டும், பாரம் ஏற்றி பிரேக் பிடித்துப் பார்க்கட்டும். தேறினால் நம்பர் கொடுக்கட்டும், தேறாவிட்டால் என்ன குறை என்று எழுதிக் கொடுக்கட்டும்.

இன்னொரு அநியாயம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும், தானே சரக்கைக் கொட்டுகிற விவசாய டிரெய்லருக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நாம் பட்டறைக்கு வாங்குகிற சேனலுக்கும் தகட்டுக்கும் 18 சதவீதம்! லட்ச ரூபாய்க்கு இரும்பு வாங்கினால் 18,000 ரூபாய் வரி. கம்பெனிக்காரன் இரும்புக்குக் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்வான். நாம் யாரிடம் போய்க் கழிப்பது? ஆலையில் செய்தால் விவசாயக் கருவி, ஆலமரத்தடியில் செய்தால் வெறும் இரும்பா?

இதுவரை அரசாங்கத்தைச் சொன்னேன். இனி நம்மைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் மேட்டு ரோட்டில் என் டிரெய்லர் கழன்றுபோனது. கொக்கியில் பின் போட்டிருந்தேன், பின்னுக்கு லாக் போடவில்லை. பள்ளத்தில் ஒரு குலுக்கு, பின் மேலே எழும்பி வெளியே விழுந்துவிட்டது. எரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகன் வாய்க்காலுக்குள் போனான். உயிர் தப்பியது, வலது கால் இன்னும் சரியாக மடங்காது. பட்டறைக்காரர் மேல் குற்றமில்லை. நூறு ரூபாய் லாக் பின்னையும் சேப்டி சங்கிலியையும் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னவன் நான்தான். அண்ணி இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டை வண்டியில் கடையாணி இல்லாமல் எவனாவது வண்டி பூட்டுவானா? இரும்பு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனது?

ஆகவே செய்கிறவர்கள் ஒழுங்காகச் செய்யுங்கள். முன்பாரம் பின்பாரம் நமக்குத் தெரியாததல்ல. வண்டி பின்பாரமானால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். இங்கேயும் அதே கதைதான். ரெண்டு சக்கர டிரெய்லரில் அச்சை நடுமையத்துக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள், பாரத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்காரும். அச்சு முன்னால் போய்விட்டால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டர் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். ரொம்பப் பின்னால் வைத்தாலும் ஆபத்து, ஏற்றத்தில் டிராக்டர் மூக்கைத் தூக்கும். கொக்கித் துளையிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். அளவு ஒன்றாக இல்லையென்றால் வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடி டயரைத் தின்னும். இழுவைக் கட்டையை ஒட்டுப் போட்ட துண்டுச் சேனலில் செய்யாதீர்கள், முழு நீளம் வாங்குங்கள். அச்சின் நடுவில் வெல்டிங் வைக்கவே கூடாது.

டிராக்டர் ஓட்டுகிற தம்பிகளுக்கும் ஒன்று. சேற்று உழவில் திரும்புவதற்காக இரண்டு பிரேக் மிதியையும் தனித்தனியாகக் கழற்றி விடுகிறோம். ரோட்டுக்கு வரும்போது சேர்த்துப் பூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கிற பாரம் டிராக்டரையே மடக்கிப் போடும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. ராத்திரியில் பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள் ரிப்ளெக்டர் ஒட்டுங்கள். அகலத்துக்கு மேல் கரும்பை அடுக்கி, சிவப்பு விளக்குகூட இல்லாமல் இருட்டில் போகிற லோடு மேல் மோட்டார் சைக்கிளில் வந்து மோதிச் சாகிறவனும் யாரோ ஒரு விவசாயி மகன்தான். லோடு எடுக்கிற ஆலைகள் சீட்டு எழுதும்போதே விளக்கு இருக்கிறதா என்று பார்த்தால் என்ன குறைந்துபோகும்?

நம் சங்கம் கேட்பது இதுதான். பட்டறையில் செய்த விவசாய டிரெய்லரை ஆய்வாளர் ஊருக்கே முகாம் போட்டு வந்து சோதித்துப் பதிவு செய்யட்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு டிரெய்லருக்கு அளவு எழுதி வைத்திருக்கிறது. அதை வேளாண்மைப் பொறியியல் துறை தமிழில் படத்தோடு அச்சடித்துப் பட்டறைக்குப் பட்டறை இலவசமாகக் கொடுக்கட்டும். விவசாயி டிரெய்லர் செய்ய வாங்கும் இரும்புக்கும் 5 சதவீத வரிதான் போட வேண்டும். முகாம் போடுகிற வரைக்கும் அறுவடைக் காலத்தில் லோடோடு நிறுத்திப் பிடிப்பதை நிறுத்தட்டும்.

இந்த மாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் பதில் வராவிட்டால், பெரியவர்கள் கட்டை வண்டி கொண்டுபோன மாதிரி நாம் காலி டிரெய்லர்களோடு போவோம். வருகிறவர்கள் டிராக்டர் ஆர்.சி. நகல், டிரெய்லர் போட்டோ, நீள அகலம், டயர் அளவு, எந்தப் பட்டறையில் எந்த வருஷம் செய்தது என்று எழுதிய சீட்டு, இவற்றைக் கிளைச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பட்டறைக்காரர்களையும் கூட்டி வாருங்கள், இது அவர்கள் பிழைப்பும்தான். லாக் பின்னும் ரிப்ளெக்டரும் இல்லாமல் யாராவது டிரெய்லரை ஓட்டிக்கொண்டு வந்தால் போலீஸ் நிறுத்துவதற்கு முன்னால் நானே நிறுத்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவேன்.